நிருபனின் சிவப்பு வாசல்

நிருபனும் நானும் துபாய் கராமாவில் எட்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். எங்கள் கம்பெனியில் அவன் ஏசி மெக்கானிக், நான் பஸ் டிரைவர். ஆனால் அவன் இலங்கைக்காகத் துடுப்புப் போடுகிற ஆள். கித்துல்கல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, களனி ஆற்றில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் பழகியவன். அவனுடைய போட்டியில் பாய்கிற தண்ணீரின் மேல் ஜோடி ஜோடியாகக் கம்புகள் தொங்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாசல். கம்பில் படாமல் படகை நுழைக்க வேண்டும். பச்சை வாசலில் தண்ணீரோடு, சிவப்பு வாசலில் தண்ணீரை எதிர்த்து. இதற்கெல்லாம் ஒரு போட்டியா என்று நான் கேலி செய்யாத நாளில்லை. நான்கு நாடுகளுக்குப் போய் நான்கிலும் கடைசி வரிசையில் வந்தவனை வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. நாங்கள் தூங்கிக் கிடக்க, இவன் உம் அல் குவைன் காயலுக்குப் போய், வேலையில் மிஞ்சிய குழாய்களுக்குச் சாயம் பூசிக் கயிற்றில் தொங்கவிட்டுப் பயிற்சி செய்வான். ஆற்று விளையாட்டுக்கு அசையாத தண்ணீர்! பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் வரும்.

2007இல் தாய்லாந்தில் ஆசியப் போட்டி. இந்த முறை அரையிறுதிக்கு வராவிட்டால் அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டு ஓட்டத்தில் எது நல்லதோ அதுதான் கணக்கு.

முதல் ஓட்டம் முடிந்ததும் போன் செய்தான். நான் சோனாப்பூர் லேபர் கேம்ப் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சிவப்பு வாசலைத் தவற விட்டுட்டேன் மச்சான். அம்பது செக்கன் தண்டனை. வாசல்கிட்ட வந்துதான் திருப்புறேன், அதுக்குள்ள தண்ணி இழுத்துட்டுப் போயிருது."

காயல் தண்ணீர் இவனுக்காக நின்று நின்று இவனைக் கெடுத்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டா, ஷேக் சாயித் ரோட்டுல எக்ஸிட் வந்த பிறகா நான் லேன் மாத்துறேன்? முன்னாடியே ஒதுங்கலைன்னா அபுதாபிக்குத்தான் போகணும்! முன்னாடியே திருப்புடா!"

போனை வைத்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். அழுதான்.

"சிவப்புல நுழைஞ்சிட்டேன் மச்சான். பதினஞ்சு பேரைத்தான் எடுக்கிறாங்க. நான் பதினஞ்சாவது."

"அப்புறம் எதுக்குடா அழுற?"

"அரையிறுதி நாளைக்கு. திரும்புற டிக்கெட்டை இன்னைக்கு ராத்திரிக்கே போட்டு வச்சிருக்கேன். உள்ள வருவேன்னு நானே நம்பலையே."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு. சூப்பர்வைசர்கிட்ட லீவு நான் கேட்கிறேன்" என்றேன்.