தம்பியை நடக்கவிடாத ஆறு கிழமை

சமாதானப் பேச்சு முறிந்து, மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம் அது. திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் சந்து போன்ற ஒரு சின்ன ஒழுங்கையில் நாங்கள் இருந்தோம். முன்னறை, ஒரு படுக்கையறை, பின்னால் சமைக்கிற குசினி, அவ்வளவுதான் வீடு. அதில் இருந்தது நானும் தம்பியும் மட்டும். அம்மாவும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். நானும் கலியாணம் கட்டவில்லை, அவனும் கட்டவில்லை. நான் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். தம்பி துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வருடத் தொடக்கத்தில் அவனுக்கு இரண்டு கிட்னியும் பழுது என்று கண்டுபிடித்து, இனி வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, என்னைவிட ஐந்து வயது இளையவன். ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அதட்டுவது போலத்தான் அவனை அதட்டுவேன். கிட்னி வருத்தம் வந்த பிறகு என் அதிகாரம் இன்னும் கூடிவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நான் உப்பே போடாமல் கறி வைத்தேன். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள், போத்தலில் கோடு கீறி வைத்தேன். இளநீர், வாழைப்பழம் கூடாது என்றார்கள், ஒன்றும் வீட்டுக்குள் வரவிடவில்லை. "அக்கா, ஆமிக்காரன் கூட இவ்வளவு செக் பண்ணமாட்டான்" என்று சிரிப்பான். கோபிக்கத் தெரியாத பிறவி அவன்.

மாரி மழை தொடங்கிய நேரத்தில்தான் கால் பிரச்சினை வந்தது. படுத்துக் கால் மணித்தியாலம் ஆகாது, எழும்பிவிடுவான். என்னடா என்று கேட்டேன். "காலுக்குள்ள என்னவோ ஊருது அக்கா. நோவும் இல்லை, விறைப்பும் இல்லை. ஆட்டாமல் இருக்க ஏலாது" என்றான். எழும்பி நடந்தால் நின்றுவிடும். படுத்தால் திரும்பவும் தொடங்கிவிடும். முன்னறையில் இருந்து குசினி, குசினியில் இருந்து முன்னறை என்று விடியப்புறம் மூன்று நான்கு மணிவரை நடப்பான். பிறகு கதிரையில் இருந்தபடியே தலையைத் தொங்கப்போட்டு நித்திரையாகிவிடுவான். பாவம், முழித்திருக்கிறானே என்று நானும் எழும்பி பால் விடாமல் நல்ல சாயமாக ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன். முதல் இரண்டு கிழமையும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்தால் சுகம் என்றால் நடக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில், வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில், மண்மூட்டை அடுக்கிய ஒரு ஆமிக் காவலரண் இருந்தது. அந்தக் காலத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கிடப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். இருமல் வந்தால்கூடத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத்தான் இருமுவோம். தம்பி முட்டுப்படாமல் நடக்கட்டும் என்று குசினியில் ஒரு சின்ன விளக்கைத் திரி குறைத்து வைத்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் அவனுடைய நிழல் முன்னறை யன்னல் சீலையில் போவதும் வருவதுமாக இருக்கும். அது வெளியே தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் துறைமுக வீதியில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் விடியவே ஆமியின் சுற்றிவளைப்பு, ரவுண்டப் என்போம். பக்கத்து ஒழுங்கையில் ஒரு மனுஷனைக் கொண்டுபோய்விட்டார்கள். இரவில் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி மறைத்தாராம், கடலில் நிற்கிறவர்களுக்குச் சிக்னல் கொடுக்கிறாரோ என்று சந்தேகமாம். அந்த மனுஷனுக்கு அன்றிரவு வயிற்றோட்டம். விளக்கோடு கக்கூசுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் வந்த கோலத்தைப் பார்த்த பிறகு அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, தம்பி நடந்துகொண்டிருக்கும்போது வெளியில் இருந்து ஒரு ரோச் லைட் வெளிச்சம் எங்கள் யன்னலில் விழுந்தது. விழுந்த வெளிச்சம் நகரவில்லை. ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து நிலத்தில் படுக்க வைத்தேன். வெளிச்சம் அணைந்த பிறகு அவனுடைய காதுக்குள் சீறினேன். "உன்ர காலுக்காக ரெண்டு பேரும் சாகிறதோ? இனி ஒரு அடி வைச்சுப் பார்!"

அடுத்த நாளில் இருந்து விளக்கும் இல்லை, நடையும் இல்லை. இருட்டிலேயே மெல்ல நடக்கிறேன் அக்கா என்று கெஞ்சினான். ஒருநாள் விட்டுப் பார்த்தேன். குசினி வாசலில் தண்ணீர்க் கேத்தலைத் தட்டி விழுத்திவிட்டான். அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கை நாய் எல்லாம் குரைத்தது. அதோடு முழுக்க நிறுத்திவிட்டேன்.

அவன் சொல்வழி கேட்டுப் படுப்பான். கால்தான் கேட்காது. தானாகத் துள்ளும், கட்டில் சுவரில் போய் இடிக்கும். எண்ணெய் பூசினேன், ஈரத் துணி சுற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என்னுடைய பழைய நூல் சேலையைக் கிழித்து அவனுடைய இரண்டு காலையும் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேன். கேட்கிறவர்கள் என்னை என்ன நினைப்பீர்களோ தெரியாது. அப்போது அது எனக்குக் கெட்டித்தனமாகத் தெரிந்தது. "இறுக்கிக் கட்டுங்கோ அக்கா, இல்லாட்டி அவிழ்ந்திடும்" என்று அவனே காலை நீட்டினான்.

அப்படி ஆறு கிழமை, நாற்பது நாளுக்கு மேல். துவாயை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு கிடப்பான். அடுத்த அறையில் இருந்து அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் விடிய, கண் சிவந்து, முகம் வீங்கிப் போயிருந்தவனைப் பார்த்து நான் சொன்னது இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. "எல்லாருக்கும்தான் கால் உளையுது. நானும்தான் நாள் முழுக்கக் கதிரையில இருக்கிறன். மனம் வைச்சா நித்திரை வரும்" என்றேன். அவன் போய் முகம் கழுவினான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். கிளினிக் கொப்பி என்று ஒன்று தருவார்கள். டொக்டர் எழுதுவதெல்லாம் அதில்தான் இருக்கும். வழியில் எங்கே மறித்தாலும், ஏன் போகிறாய் எங்கே போகிறாய் என்று கேட்டாலும், அந்தக் கொப்பியைத்தான் நீட்டுவோம். அடையாள அட்டைக்கு அடுத்தபடி எங்களைக் காப்பாற்றிய சாமான் அது. காவலரணில் நிற்கிறவர்கள் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அந்த மாதம் டொக்டர் சிங்களத்தில் கேட்டதை, நேர்ஸ், வரிசையாக வாங்குப் பலகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டா. "இரவில நித்திரை வருதோ?" தம்பி வாயைத் திறக்கும் முன் நான் முந்திவிட்டேன். "ஓம் மிஸ், நல்லாப் படுக்கிறார்" என்றேன். இரவில் எழும்பி நடக்கிறவர் என்று அந்தக் கொப்பியில் ஒரு வரி விழுந்து, அதை ஒழுங்கை முகப்பில் ஒருவன் வாசித்தால் என்ன நடக்கும் என்பதுதான் என் மண்டைக்குள் இருந்தது. டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, பழைய மருந்துக் குளிசைகளையே திரும்ப எழுதினார். பெரிய காரியம் செய்தது போல நான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் கந்தோருக்குப் போகிறேன். காவலரணில் ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள். அட்டையைத் திருப்பித் தராமல் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, உடைந்த தமிழில் கேட்டான். "அக்கா, ராத்திரி நடக்கிற ஐயா எங்க? இப்ப காணம்."

அப்படி ஒருவரும் எங்கள் வீட்டில் நடப்பதில்லை என்றேன். அவன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தன் இடுப்புக்கு மேலே முதுகில் இரண்டு பக்கமும் கையை வைத்துக் காட்டினான். "கிட்னிதானே? ஆஸ்பத்திரிக் கொப்பி நான் பார்த்தது." பிறகு தன் காலைத் தொட்டான். "எங்கட அப்பாவும் அப்படித்தான். வயல் செய்யிற ஆள். ராத்திரி முழுக்க வீட்டுக்கு முன்னால முத்தத்தில நடக்கிறது. நடந்தா நல்லம். படுத்தாத்தான் பைத்தியம் மாதிரி."

அவன் தொடர்ந்து சொன்னதை என்னுடைய தமிழில் சொல்கிறேன். அன்றிரவு ரோச் அடித்தது அவனோடு நின்ற இன்னொருவனாம். யார் நடப்பது என்று அவன் கேட்டதற்கு, அது வருத்தக்கார ஐயா, பேசாமல் விடு என்று இவன்தான் சொன்னானாம். அதற்குப் பிறகு நிழலைக் காணாததால், அந்த ஐயா செத்துப்போய்விட்டாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். கடைசியாக அட்டையை என் கையில் தந்து, "நடக்கச் சொல்லுங்க அக்கா. கட்டாயம்" என்றான்.

அவனை ஒரு தெய்வமாக்கிச் சொல்ல நான் வரவில்லை. அந்த இடத்தில் வேறொருவன் நின்றிருந்தால் கதை வேறாகியும் இருக்கும். பக்கத்து ஒழுங்கை மனுஷனைக் கொண்டுபோனவர்களும் இதே உடுப்புத்தான் போட்டிருந்தார்கள். என்னுடைய பயம் பொய்ப் பயம் இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்குக் கந்தோரில் ஒரு கடிதத்தை நாலுதரம் பிழையாக அடித்தேன். தலையிடி என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

தம்பி முன்னறைக் கதிரையில் இருந்தபடி நித்திரையாகிப் போயிருந்தான். உடுத்த சாரம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இரண்டு கணுக்காலிலும் சேலைக் கட்டு இழுத்த தடம், கறுத்துப்போய்க் கிடந்தது. நான் தினமும் கட்டி அவிழ்த்த கால்கள்தான் அவை. அன்றைக்குத்தான் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். அவனுடைய காலடியில் குந்தியிருந்து குழறி அழுதுவிட்டேன். அவன் திடுக்கிட்டு எழும்பி, "என்ன அக்கா, ரவுண்டப்போ?" என்று கேட்டான்.

அன்றிரவு விளக்கை நானே ஏற்றி வைத்தேன். நடடா என்றேன். அவன் கட்டிலில் இருந்து இறங்கவில்லை. "உண்மையாத்தான் சொல்றீங்களோ?" என்று இரண்டுதரம் கேட்டான். மெல்ல இறங்கி, முதலில் யன்னல் பக்கம் போகாமல் சுவரோரமாகவே நடந்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை வீசி நடந்தான். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய முகம் தெளிந்துகொண்டே வந்தது. வெயிலில் வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கிடைத்தது போல இருந்தான்.

அடுத்த கிளினிக்கில் நான் முந்தவில்லை. நேர்ஸ் கேட்டதும், நீயே சொல்லு என்று அவனுக்குச் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கால் கட்டியதை மட்டும் மறைத்துவிட்டான். அதை நானே சொன்னேன். நேர்ஸ் சத்தமாகக் கேட்டா, நானும் சத்தமாகவே சொன்னேன், வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் பேனையை வைத்துவிட்டார். கிட்னி வருத்தக்காரர் பல பேருக்கு இது வரும், கட்டி வைக்கிற வேலை இனி வேண்டாம், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச் சத்துக் குறைந்து போயிருந்தது. அதற்கு மருந்து தந்தார், இரவுக்கு ஒரு சின்னக் குளிசையும் தந்தார். படுக்கமுன் காலை நீட்டி மடக்கச் சொன்னார், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பின்னேரத்துக்குப் பிறகு தேயிலை குடிக்கவே வேண்டாம், அது காலை இன்னும் ஆட்டும் என்றார். பாவம் பார்த்து நான் சாயமாக ஊற்றிக் கொடுத்த பிளேன்ரீயும் அவனுக்கு உபத்திரவம்தான் செய்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பா அழுகையா வந்தது என்று தெரியவில்லை.

முழுக்க மாறவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி குறைந்தது. ஒரு மணித்தியாலம் நடந்தால் மூன்று மணித்தியாலம் படுப்பான். அந்தச் சிப்பாய் ஒரு மாதத்துக்குள் மாற்றலாகிப் போய்விட்டான், அவனுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை. புதிதாக வந்தவனுக்குக் கொப்பியை விரித்து, கால் வருத்தம் எழுதியிருந்த பக்கத்தை நானே காட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "போ" என்றான்.

தம்பி அதற்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தான். கடைசி நாட்களில் நடக்கவும் ஏலாமல் போனது. அப்போது நான் கட்டிலில் இருந்து அவனுடைய காலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். "போதும் அக்கா, நீங்கள் போய்ப் படுங்கோ" என்பான். கட்டி வைத்ததைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லி ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, வாயும் குறைந்துவிட்டது. யாராவது வந்து உடம்புக்கு ஏலாது என்று சொன்னால், என்ன செய்யுது என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்கிறேன். வீதியில் துவக்கோடு நின்ற ஒரு அந்நியனுக்குக் கேட்கத் தோன்றியதை, ஒரே கூரைக்குக் கீழே இருந்த என் தம்பியிடம் அந்த ஆறு கிழமையில் ஒருநாளாவது நான் கேட்டிருக்கலாம்.