தவிட்டுக்கு வாங்கிய பெயர்

2005இல் நான் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் பெயர் கவிதா. நானே வைத்துக்கொண்டது. காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறும்வரைதான் நான் குப்பம்மா. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. குப்பையென்றால் எமனும் சீண்டமாட்டான் என்று என்னைக் குப்பைமேட்டில் போட்டார்களாம். பக்கத்து வீட்டம்மா எடுத்துக்கொள்ள, அம்மா ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கினாளாம். அப்படி வந்த பெயர். இப்போதெல்லாம் யாரும் வைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு செல்வி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மடியில் பச்சைக்குழந்தை, பெண்.

"அக்கா, இத குப்பையில போடப்போறோம். நீதான் எடுக்கணும். அந்தப் பேர வச்சிப் பொழைச்சவ நீதானே?"

"அந்தப் பேர் எதுக்குடி? பெருசானா உன்னத்தான் திட்டும். கவிதான்னு வையேன், எவ்ளோ அழகா இருக்குது!"

"மொதல் ரெண்டுத்துக்கும் அழகாத்தான்க்கா வச்சேன்."

அவளோடு குப்பைமேட்டுக்குப் போனேன். குப்பைமேல் முறத்தில் கிடந்த குழந்தையை எடுத்தேன். செல்வி நீட்டிய தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையை அவளிடமே கொடுத்தேன். நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா?

குழந்தைக்கு இப்போது ஒரு வயது. செல்வி "ஏய் குப்பம்மா!" என்று கூப்பிடும்போதெல்லாம் நான்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன். என்னை இல்லை என்று தெரிந்ததும் மனசு ஏன் சுருங்குகிறது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.