மனநல மானியமும் என் மனைவியின் சாவும்

அரசாங்க மானியம் வாங்கி மனநல விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தும் வேலையில் முதலில் பறிபோவது, நடத்துகிறவனின் மனநலம்தான். சங்கச் செயலாளர்களே, கூட்டத்துக்கு ஆள் சேர்த்துத் தொண்டை கட்டிப்போனவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். பொய் கலக்காமல் சொல்கிறேன். எங்காவது கலந்திருந்தால் அது ருசிக்காக.

ஈப்போவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் எங்கள் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. மனசு சரியில்லாதவர் வந்து பேசலாம். தாதியாக இருந்து ஓய்வு பெற்ற மேரி அக்கா உட்கார்ந்து கேட்பார். வாடகை மானியத்தில் ஓடுகிறது. மானியத்துக்கு ஒரே நிபந்தனை: துயரப்படுகிறவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று நாற்பது பேருக்குப் பயிற்சி தர வேண்டும். தராவிட்டால் அறைக்குப் பூட்டு.

பூட்டினால் முதல் அடி வீரையாவுக்கு. பேரங்காடியில் காவலாளி. மனைவி செத்ததிலிருந்து யாரிடமும் வாய் திறப்பதில்லை. வேலை முடிந்ததும் எங்கள் அறை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வர மாட்டார். கூப்பிடலாமா என்று கேட்டால் மேரி அக்கா தலையாட்டி மறுப்பார்.

"வாசல் வரைக்கும் வாரார்ல கதிரண்ணே, அதுவே பாதி வழி."

பெயர்ப்பலகையோடு வந்த பஸ்

பத்து காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பயிற்சிக்கு ஆள் பிடித்தேன். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டாலும் மாரியம்மன் கோயிலும் ஜனங்களும் அங்கேயேதான். எல்லாரும் நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டுக் கோயில் வாசலில் நின்றார்கள். நான் வாடகைக்குப் பிடித்த பஸ் வந்தது. காலையில் ஓடிய தடத்தின் பெயர்ப்பலகையை ஓட்டுநர் கழற்றவில்லை. கொட்டை எழுத்தில்: தஞ்சோங் ரம்புத்தான்.

எங்கள் பேராக் மாநிலத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று திட்ட இந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான். போதாததற்கு நான் வேறு ஒலிபெருக்கியில், "மனநலத்துக்காக வந்திருக்கோம், பயப்படாம ஏறுங்க!" என்றேன். கோழிக்கூட்டத்தில் உடும்பு புகுந்த மாதிரி செம்பனைக்குள் சிதறினார்கள். வருஷக்கணக்காக ஊன்றுகோலில் நடந்த ஒரு பெரியவர் பத்து காஜா ரோட்டைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ஊன்றுகோல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓடாமல் நின்றவர் ஒரே ஓர் அம்மாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"என் புருஷன் பைத்தியம்னு உங்களுக்கு யாரு சொன்னா? அதை நான் மட்டும்தான் சொல்லலாம் லா!"

ரைஸ் குக்கர்

அடுத்த முறை ஈப்போ மண்டபத்தில் வைத்தேன். குலுக்கல் பரிசாக மேடையில் ஒரு ரைஸ் குக்கர். நிற்க இடமில்லாத கூட்டம்! மேரி அக்கா வணக்கம் சொல்லிக் கையை இறக்குவதற்குள் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அத்தனை பேரும் வெளியே மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கும் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

மானியத்தைக் கவனிக்கும் அதிகாரி புவான் சாந்தி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி; ஆனாலும் அதிகாரி அம்மாவை இங்கே மரியாதையாகப் 'புவான்' என்றுதான் கூப்பிட வேண்டும். "கூட்டம் எங்க அங்கிள்?" என்றார். "வெளிய மனசை ஒருநிலைப்படுத்திக்கிட்டு இருக்காங்க புவான்" என்றேன். அவர் ரைஸ் குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்கள உள்ள உட்கார வைங்க. இல்லன்னா அறையை மூடிருங்க அங்கிள்."

செயற்குழுவின் ஒத்திகை

சரி, செயற்குழுவுக்காவது பயிற்சி கொடுப்போம் என்று மேரி அக்கா அறையில் ஒத்திகை வைத்தார். ஒருவர் துயரப்படுகிறவராக நடிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. நடிப்பு என்றதும் நான் முந்திக்கொண்டேன். "என் பொண்டாட்டி சரோஜா செத்துப்போயிட்டா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். நிஜக் கண்ணீர். தலைவர் வீட்டு வாசலை மாற்றச் சொன்னார். பொருளாளர் விரால் மீன் சூப் குடிக்கச் சொன்னார். துணைத் தலைவர் காம்பாரில் நல்ல பெண் இருப்பதாகச் சொன்னார்.

அப்போது பலகாரத்தோடு உள்ளே வந்தவர் எங்கள் தெருவில் சமையல் ஆர்டர் எடுக்கும் லெட்சுமி. நான் அழுததைப் பார்த்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நாங்கள் பலகாரத்தைப் பார்த்தோமே தவிர அவரைப் பார்க்கவில்லை. மேரி அக்கா தீர்ப்புச் சொன்னார்:

"மூணு பேரும் தோல்வி. கதிரண்ணே, நீங்க பாஸ், மூக்கைத் துடைங்க."

எங்கள் வீட்டுக் கூடாரம்

பயிற்சிக்கு வராத ஜனம் சாவுக்கு வராமல் இருக்குமா? நானும் மேரி அக்காவும் வீட்டுக்குப் போனபோது வாசலில் கூடாரம், நாற்காலி, காப்பி எல்லாம் தயார். தெரு முழுக்க ஆள். சரோஜா காம்பாரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், போன் எடுக்கவில்லை. "ஐயோ, அவ உயிரோட இருக்காய்யா!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மையை யார் நம்பியிருக்கிறார்கள்? லெட்சுமி என் முதுகைத் தடவி, "மனசு ஒத்துக்கல பாவம், மேரி அக்கா பயிற்சி நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க, பறிகொடுத்தவங்க முதல்ல நம்ப மாட்டாங்கன்னு" என்றார். எங்கள் விழிப்புணர்வு அன்றைக்குத்தான் வேலை செய்தது.

அப்போது ஒரு மோட்டார் சத்தம். வீரையா. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ தலகாணிய இன்னும் எடுக்கல நான்" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். மேரி அக்கா என் தொடையில் கிள்ளினார். மூடினேன். கூடாரமே வாயை மூடியது. வீரையா தன் மனைவியைப் பற்றிப் பேசினார், பேசினார், காப்பி ஆறும்வரை பேசினார். பிஸ்கட் டின்னோடு துக்கம் கேட்க வந்த புவான் சாந்தி நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் வீரையா சொன்னார்:

"அவ செத்தப்பவும் நீங்க எல்லாரும் வந்தீங்க. ஆளாளுக்குப் பேசினீங்க. எனக்குத்தான் முறை வரல."

பேனர்

அந்த அமைதியில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "செத்தது யாருங்க?" யாரோ கொடுத்த காப்பியைக் குடித்தபடி சரோஜா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர் மயங்கினார்கள், ஒருவருக்குச் சாமி வந்தது. வீரையா மட்டும் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

மேரி அக்கா விடவில்லை. "இப்ப நீங்க எல்லாரும் செஞ்சீங்களே, அதுதான் கேக்கிறது" என்று அங்கேயே பாடத்தைத் தொடங்கினார். சாப்பாடு வரவிருந்ததால் ஒருவரும் எழவில்லை. புவான் சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார், நாற்பதைத் தாண்டியது. "பேனர் இல்லாம படம் எடுத்தா மேலிடம் ஏத்துக்காது அங்கிள்" என்றார். துக்கக் கூடாரத்தில் பயிற்சிப் பேனரை விரித்தோம். கட்டக் கயிறில்லாமல் ஒரு முனையை வீரையாவும் மறுமுனையை சரோஜாவும் பிடித்தார்கள். படம் எடுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது:

"பொண்டாட்டி உயிரோட இருக்கும்போதே அவ சாவுக்கு மானியம் வாங்கின ஆளு நீங்க ஒருத்தர்தான் லா!"

அறை இப்போதும் திறந்திருக்கிறது, வீரையா உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறார். ஆனால் வருகிற வருஷத்து மானியத்துக்கு யாரைச் சாகடிப்பது என்பதில்தான் எங்கள் செயற்குழுவில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.