காசு போடாத ஆட்டம்

மதுரையில் ஒரு பெரிய கடை வளாகத்தின் மேல்மாடியில் பழைய வீடியோ கேம் மெஷின்கள் சிலவற்றை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. வெளிநாட்டு மதுக்கடைகளின் மூலையில் ஆரம்பித்து, ஜப்பான் வழியாக உலகமெல்லாம் போன கதையை அதில் எழுதியிருந்தார்கள். அவை போடிநாயக்கனூருக்கு வந்துசேர்ந்த கதை அதில் இல்லை. என் மகன் ஒரு மெஷினின் குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது டெமோ. நாம ஆடல, அதுவா ஆடுது. யாரும் இல்லாதப்ப சும்மா நிக்கக் கூடாதுன்னு ஆடுற மாதிரி காட்டும்" என்றான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. காபி குடிக்கலாம் வா என்று அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு வயதுப் பையனுக்கு அரை நிமிடத்தில் தெரிந்தது, ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

அப்போது அம்மாவின் தம்பி எங்கள் வீட்டோடு போடியில் இருந்தார். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் இடத்தில் சூப்பர்வைசர். விடியும் முன்னே தூக்குவாளியோடு கிளம்புவார். தோட்டத்து ஆட்கள் ஜீப்பின் பின்னால் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டு போக, மாமாவுக்கு மட்டும் டிரைவர் பக்கத்தில் முன்சீட்டு. அந்த முன்சீட்டை அம்மா கலெக்டர் உத்தியோகம் போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சாயங்காலம் மாமா திரும்பி வரும்போது தோளில் துண்டு ஈரமாக இருக்கும். போடியில் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் மேலே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். ஈரத் துண்டோடு ஒருவர் தெருவில் நுழைந்தால் மலையிலிருந்து வருகிறார் என்று அர்த்தம். அம்மா ஓடிப்போய் அதை வாங்கிக் கொடியில் போடுவாள். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கொடியில் துண்டு சொட்டுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் நான் அவளுக்குச் சோறு கொண்டுபோவேன். வழியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை இருந்தது. பெண்பிள்ளைகள் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எந்தப் பெண்பிள்ளையும் போனதில்லை. உள்ளே இருந்து வரும் சத்தத்தை மட்டும் ஓசியில் கேட்டுக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் வாசலில் தொங்கிய பச்சைத் திரை காற்றில் விலகியது. உள்ளே மாமாவின் முதுகு தெரிந்தது.

நான் சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டேன். மூலையில் இருந்த விமான ஆட்டத்தின் முன்னால் மாமா இரண்டு கைகளாலும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்குவாளி மெஷினின் தலைமேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் அவர் முகம் செத்துவிட்டது. பிறகு சிரித்தார்.

"இன்னைக்குத் தோட்டத்துல லீவு ஆத்தா."

"காசு போடணும்ல மாமா?" என்று கேட்டேன். மற்ற மெஷின்களில் பையன்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கெதுக்குக் காசு? இந்த மிசினுக்கு நம்மளத் தெரியும். பாரு, எப்படிப் போகுதுன்னு."

விமானம் வளைந்து நெளிந்து எதிரிகளைச் சுட்டுத் தள்ளியது. திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் விட்டுவிட்டு மின்னின. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும், சேர்த்துப் படிக்கத்தான் வராது. நடுவில் மாமா முகத்தைத் துடைக்கக் குச்சியிலிருந்து கையை எடுத்தார். அப்போதும் விமானம் தானாகப் பறந்து இரண்டு எதிரிகளை வீழ்த்தியது. கையை எடுத்தும் ஆடுகிற ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. தூக்குவாளியிலிருந்து அவித்த முட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"வீட்ல சொல்லிப்புடாத. அக்கா வையும். வெரசாப் போ, அது பசியோட இருக்கும்."

அன்று சாயங்காலம் நான் மளிகைக் கடைக்குப் போய்விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் அவரைப் பார்த்தேன். துண்டை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் கண்ணடித்தேன். வீட்டுக்கு வந்து, "மேல சாரலு விடவே இல்லக்கா" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. அதில் என்னையும் சேர்த்துக்கொண்டதே போதுமாக இருந்தது. அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் சந்தில் எட்டிப் பார்ப்பேன். மாமா இருப்பார். தோட்டத்தில் இவ்வளவு லீவு விடுகிறார்களே, எங்கள் பள்ளிக்கூடத்தில் விடுவதில்லையே என்று எரிச்சலாக வரும்.

சிலமலையில் ஒரு பெண் வீட்டில் ஜாதகம் பொருந்தி வந்தது. நிலபுலன் உள்ள குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். மாமா புதுச் சட்டையில் மாப்பிள்ளைக் களையோடுதான் இருந்தார். பெண் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாமா அவளை ஒரு தடவைதான் பார்த்தார். அதற்கே அவர் காது சிவந்துவிட்டது. அம்மா அதைக் கவனித்து அப்பாவை முழங்கையால் இடித்தாள்.

"மாப்ளைக்கு மேல என்ன சோலி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

சூப்பர்வைசர் என்று என் அப்பா சொன்னார். பெண்ணின் பெரியப்பாவுக்கு அது போதவில்லை. "சூப்பர்வைசருன்னாலும் அடுத்தவன் தோட்டம்தானப்பா. ஜீப்புல ஏறி எறங்குறதுக்கே பொழுது சரியாப் போயிரும்" என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மாமா எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியாமல் பேசுகிறார்களே! வீட்டில்தானே சொல்லக் கூடாது என்றார், இது யார் வீடோதானே.

"எங்க மாமா ஒண்ணும் ஜீப்புல போகல. தெனமும் வீடியோ கேம் கடையிலதான் இருக்காரு. காசே போடாம ஆடுவாரு. போடியில அவர ஜெயிக்க ஆளே கெடையாது!"

பெண்ணின் பெரியப்பா என் பக்கம் குனிந்து, வெகு பிரியமாக, "தெனமுமா ஆத்தா?" என்று கேட்டார்.

"தெனமும்தான். துண்டக்கூடக் குழாயிலதான் நனைப்பாரு" என்றேன்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டு, கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். அம்மா எழுந்து சேலையைச் சரி செய்துகொண்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தட்டில் வடை அப்படியே இருந்தது.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எம்புட்டு நாளாடா?"

"தோட்டம் கை மாறுனதுலருந்துக்கா. புது மொதலாளி அவரு ஆளக் கூட்டியாந்துட்டாரு" என்றார் மாமா. "கல்யாணம் முடியட்டும், பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் தூங்கி விழுந்தபோது என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சிலமலைக்காரர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

மறுநாள் நான் எழுந்தபோது மாமா வீட்டில் இல்லை. வேறொரு தோட்டத்தில் களை எடுக்க, அன்றாடக் கூலிக்கு, ஜீப்பின் பின்னால் மற்றவர்களோடு நின்றுகொண்டு போனார் என்பதெல்லாம் வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பழைய ஆட்களே அந்த ஜீப்பில் இருந்திருப்பார்கள்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. தோளில் துண்டு நனைந்து கனத்துத் தொங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வழக்கம்போல் துண்டை வாங்க வரவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவுக்கு என்மேல் கோபமில்லை, நம் விளையாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே, "இன்னைக்கு எந்தக் குழாய் மாமா?" என்றேன்.

அவர் என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, தானே போய்த் துண்டைக் கொடியில் போட்டார். பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் அட்டை கடிக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பார் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.