கோணல் கோலம்

நான் சாப்பிடாமல் கிடந்த வருஷத்தில் ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தபோதுகூடக் கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடி வெள்ளி விரதம் என்றுதான் தொடங்கினேன். பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. ஆடி முடிந்தும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் உண்மை. தட்டைப் பார்த்தாலே பயம் வந்தது. கண்ணாடியில் நான் எனக்குக் குண்டாகத் தெரிந்தேன். அம்மாவோ என் சுடிதாரை மேலும் மேலும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வாள்.

"எங்க வூட்டுப் பொண்ணு பச்சத்தண்ணி பல்லுல படாம விரதமாக் கீது. ஆத்தாளே எறங்கிக்கீறா."

அடுத்த ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தபோது, சுத்தமான பெண் என்று சொல்லி முதல் கலயத்தை என் தலையில்தான் ஏற்றினார்கள். கொளுத்துகிற வெயில். கோயில் வாசலில் கலயத்தை இறக்கிய கையோடு மயங்கி விழுந்தேன். அம்மன் வந்துவிட்டாள் என்று பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தாராம். கண் விழித்தபோது மேலெல்லாம் வேப்பிலை, முகத்துக்கு நேரே கற்பூரத் தட்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஊருக்கே கூழ் ஊற்றின அந்த நாளில், இந்தப் பெண்ணின் வாயிலும் ஒரு மடக்கு ஊற்றுவோம் என்று ஒருத்தருக்குத் தோன்றியதா? இல்லை.

அம்மா அன்றைக்குத்தான் பயந்தாள். பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு, "அடம் புடிக்குது. ரெண்டு அறை வுட்டா சரியாப் பூடும்" என்றார். அறைந்தால் சரியாகிவிடும் நோய்க்கு எதற்கு டானிக் என்று கேட்க எனக்கு அப்போது தெம்பில்லை. கடைசியில் இரண்டு பஸ் மாறி நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். படுக்கையில் போட்டுக் கொஞ்சம் உடம்பைத் தேற்றிய பிறகு, வீட்டுக்கு அனுப்பி, வாராவாரம் மனநலப் பிரிவில் ஒரு மேடத்திடம் வரச் சொன்னார்கள்.

அந்த மேடம் சோற்றைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கட்டு அட்டையை எடுத்து வைத்து, நிறம் பார்த்து அடுக்கச் சொன்னார். பாதியில், "இப்ப வடிவம் பாத்து அடுக்குங்க" என்றார். என் கை நிறத்துக்கே போனது. திரும்பத் திரும்ப அதே தப்பு. எரிச்சலில் அட்டைகளைத் தள்ளிவிட்டேன்.

"ரூல் மாறிடுச்சும்மா. நீங்க இன்னும் பழைய ரூல்லயே இருக்கீங்க" என்றார். கோபப்படவில்லை. "சாப்பாட்டுக்கு டாக்டர் இருக்காங்க, உங்க அம்மா இருக்காங்க. இது அதுக்குப் பதில் இல்ல. உங்க யோசனை ஒரே தடத்துல ஓடிப் பழகிடுச்சு. கொஞ்சம் திரும்பவும் பழக்கலாம்."

அத்தை இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "சோறு துன்னாத பொண்ணுக்கு சீட்டாட்டம் கத்துக் குடுக்கறாங்களாம். இதுக்கு பஸ்சு சார்ஜ் வேற."

தினமும் மாற்றாமல் ஒரே மாதிரி செய்வது என்ன என்று மேடம் ஒருநாள் கேட்டார். கோலம் என்றேன். ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி வைப்பேன். அதில் எத்தனையோ முறை பள்ளிக்கூட பஸ்சை விட்டிருக்கிறேன். "அப்ப அதுதான் வீட்டுப்பாடம். இடது கையால போடுங்க. கோணலா வரட்டும். சாயந்தரம் வரைக்கும் அழிக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் காலை இடது கையில் மாவை எடுத்தேன். வரிசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அழி, அழி என்று உள்ளே ஒன்று கத்தியது. அதை அப்படியே விட்டு எழுந்து உள்ளே வந்தது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்குத் தெரியும்? முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தால், ஈரத் தரையில் இழை பிசகாத படிக்கோலம். அத்தை தண்ணீர் அடித்துப் புதிதாகப் போட்டிருந்தாள்.

"வாசல்ல கோழி கெளறுன மாதிரி இன்னாது அது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

அன்று மதியம் என்னால் ஒரு வாய்கூட எடுக்க முடியவில்லை. கோணலாக இருப்பதை அழித்தே ஆகவேண்டும் என்று என் தலைக்குள் இருந்த பழைய ரூலை அத்தை வாசலில் எழுதிக் காட்டிவிட்டாள். மறுநாளும் அழித்தாள். அதற்கடுத்த நாளும். நான் எலும்பும் தோலுமாக நின்றபோது இந்தக் குடும்பத்துக்கு வராத வெட்கம், நாலு புள்ளி தள்ளிப் போனதற்கு வந்துவிட்டது! ராத்திரி அம்மாவிடம் அழுதேன். நாத்தனாரை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

விடிந்ததும் போட்டேன். வழக்கம்போல அத்தை வாளியோடு வந்தாள். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணி, அத அழிக்காதீங்க."

"எனக்கே சொல்றியா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். எம்பொண்ணு சாவக் கெடந்தப்ப கையெடுத்துக் கும்புட்ட ஊருதான? இப்ப பொழைக்கறதப் பாத்து சிரிச்சிட்டுப் போவட்டும்."

அத்தை வாளியைத் தரையில் வைத்தாள். தண்ணீர் அவள் காலிலேயே தளும்பி விழுந்தது. அம்மா உள்ளே போய் இட்லித் தட்டோடு வந்து என்னை வாசற்படியில் உட்கார வைத்தாள். கோணல் கோலத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு விள்ளலுக்கும் பயமாகத்தான் இருந்தது. விழுங்கினேன். எனக்குக் கற்பூரம் காட்டியவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். கோலத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் சாப்பிடுவதை ஒருத்தரும் பார்க்கவில்லை.