முத்துசெல்வி ஏன் திரும்பி வந்தாள்?

உள் அறையில் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

முத்துசெல்வி அடுப்பை அணைத்தாள். தேநீரின் கொதி அடங்க, சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. கடல் தாண்டிப் போய் வந்த நீலப் பெட்டியின் ஜிப் அது. மூலை திரும்பும் இடத்தில் சிக்கும், பிறகு ஒரே இழுப்பில் விட்டுக்கொடுக்கும். சிக்கியது. விட்டுக்கொடுத்தது.

பிள்ளைக்குக் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் தங்கபுஷ்பம் உள்ளே போயிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லை.

முத்துசெல்வி தம்ளர்களோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். என்ன தேடுகிறாள் இவள்? திருட்டுச் சாமானா?

தென்காசியில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எல்கேஜி டீச்சர் முத்துசெல்வி. கணவர் அய்யாத்துரைக்குச் சுரண்டை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை, ஏனென்றால் ஞாயிறுதோறும் சர்ச்சின் பின்கட்டில் முப்பது பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஞாயிறு வகுப்புதான் அவளுடைய தொட்டில், தாலாட்டு எல்லாம். தங்கபுஷ்பத்தின் மூத்த மகன்கூட அங்கே பாடிய பிள்ளைதான்.

போன வருஷம் சர்ச்சுக்கு வந்த வெள்ளைக்காரக் குழு ஒன்று அவள் பிள்ளைகளைப் பாடவைக்கும் அழகைப் பார்த்துவிட்டு, வேல்ஸ் மலைநாட்டில் தாங்கள் நடத்தும் கோடைக்கால முகாமுக்கு ஊழியம் செய்ய அழைத்தது. சபையே ஜெபம் பண்ணி அனுப்பியது. கோடை முடியும்வரை இருப்பதாகப் பேச்சு. ஆனால் முகாம் பாதிகூட முடியாதபோதே, ஆகஸ்ட் சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊர் சொல்லிக்கொண்டது. எதையோ எடுத்துவிட்டாளாம், போலீஸ் வந்ததாம். கடைசியாக வந்த கதை எல்லாவற்றையும்விடக் கொடியது. பிள்ளை இல்லாதவள், அங்கே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப் பார்த்தாளாம்.

தங்கபுஷ்பம் மகள் ஜெனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையின் கை காய்ந்தே இருந்தது. சபைக் கமிட்டியில் இருக்கும் பென்னியின் மனைவி அவள். அன்று சாயங்காலம் கமிட்டி கூடி, ஞாயிறு வகுப்பை முத்துசெல்விக்குத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. அதற்கு முன் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரச்சொல்லிப் புருஷன் அனுப்பியிருந்தார். அதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

தட்டில் குற்றாலத்து மங்குஸ்தான் இருந்தது. தங்கபுஷ்பம் ஒன்றை எடுத்து இரு உள்ளங்கையாலும் அழுத்திப் பிளந்தாள். வெள்ளைச் சுளையை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்த சுளையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். முத்துசெல்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள்.

பொறுமை தீர்ந்தது தங்கபுஷ்பத்துக்குத்தான்.

"பெட்டிக்குள்ள சின்னப் பிள்ளத் தொப்பி ஒண்ணு கெடக்கே, அது யாருதுக்கா?"

"நீ கை கழுவத்தானட்டி போன?"

தங்கபுஷ்பத்தின் முகம் சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. "ஊரே கேக்குது. நானும் கேக்கேன். என்னத்துக்கு அனுப்பினாவ?"

முத்துசெல்வி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

லூசி என்று ஒரு பிள்ளை. நம் ஊர்ப் பெயர்தான். வீட்டை நினைத்து அழுதபடி எதையும் தின்னவில்லை. பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அடிக்கக்கூடாது என்பதைத்தான் இத்தனை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று முத்துசெல்வி எடுத்துக்கொண்டாள். மத்தியானம் உருளைக்கிழங்கைக் கையால் பிசைந்து, லூசியை மடியில் இருத்தி ஊட்டிவிட்டாள். பிள்ளை தட்டைக் காலி செய்தது. அதை யாரோ பார்த்து மேலே சொன்னார்கள். தலைவி கோபப்படவில்லை. இனிமேல் பிள்ளைகளோடு வேண்டாம், துணி துவைக்கும் அறையில் உதவுங்கள் என்று தன்மையாகச் சொன்னாள். அந்த அறையில் போர்வை மடித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டாள் முத்துசெல்வி. ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. அவளே ஊருக்குப் போகிறேன் என்று கேட்டு வந்துவிட்டாள். முத்துசெல்வி புறப்பட்ட அன்று லூசி அந்த அறைக்கு ஓடிவந்து, தன் தொப்பியைக் கழற்றி அவள் கொண்டைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

"நீ இப்ப என்ன செய்தியோ, அதத்தான் நான் அங்கன செஞ்சேன் தங்கம்."

தங்கபுஷ்பம் தன் விரல்களைப் பார்த்தாள். மங்குஸ்தான் சாயம் ஊதாவாக ஒட்டியிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஊட்டினதுக்கா? போக்கா. நெசத்தச் சொல்லு."

முத்துசெல்விக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஐயோ, திருடினேன் என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்களே!

தங்கபுஷ்பம் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சுத்திணறல் வந்தது என்று கமிட்டியில் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். பென்னியை வைத்தே பேசவைக்கலாம், ஞாயிற்றுக்கிழமையே வகுப்பு கைக்கு வந்துவிடும் என்றாள். அந்தப் பரிவு பொய்யில்லை. கண்ணில் இருந்த சந்தேகமும் பொய்யில்லை.

முப்பது முகங்கள் முத்துசெல்வியின் மனதில் வந்து நின்றன. ஒரு 'சரி' போதும்.

"வேண்டாம். நடந்ததச் சொல்லு."

"சொன்னா ஒருத்தரும் பிள்ளைய அனுப்ப மாட்டாவ."

"நீ அனுப்புவியா?"

தங்கபுஷ்பம் பிள்ளையின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். குடையை எடுத்தாள். தேநீர் தொடாமலே ஆறிக்கிடந்தது.

வாசல்வரை போன ஜெனிஷா அம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். தட்டில் கடைசியாக ஒரு சுளை இருந்தது. முத்துசெல்வி அதைக் கையில் எடுத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

முத்துசெல்வியின் கை பாதியில் நின்றது. தன் கையைத் தானே சந்தேகப்பட வேண்டிய நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரவேண்டாம். அவள் நிமிர்ந்து தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் திரும்பி வந்தாள். முத்துசெல்வியின் விரல்களிலிருந்து சுளையை மெதுவாக வாங்கினாள். தானே பிள்ளைக்கு ஊட்டினாள்.

அவர்கள் வெளியே போனதும் சாரல் உள்ளே அடித்தது. தங்கபுஷ்பம் குடையை விரித்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.