எந்த மூலையில வெட்டணும்?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக் குடிவந்த மறுநாள் காலையில் அடுக்களை ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் டைல்ஸ் ஒட்டிய ஒரு கல்லறை. அதன்மேல் அரிந்த மரச்சீனிக் கிழங்கு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கையில் இருந்த பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டு லீலாபாய் அக்கா அன்று மாலையே பாதிப் பலாப்பழத்தோடு வந்தார். அது யார் என்று கேட்டேன். மாமனார் என்றார். நான் முழித்த முழியைப் பார்த்து அவருக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது. “பின்ன எங்க கொண்டு வைக்க, மக்ளே? சொந்த மண்ணு கெடக்கும்ப ஊரான் மண்ணுலயா வைப்பாங்க?”

நாங்கள் விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல்காட்டு ஆட்கள். என் வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் மூட்டையோடு மார்த்தாண்டம் சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், கடை போட்டு இங்கேயே தங்கிவிட்டார். பஸ்ஸில் அரை நாள் தூரம் வந்ததையெல்லாம் புலம்பெயர்வு என்று எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். வந்து இருந்து பாருங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இட்லிக்கு ஆட்டுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். செத்தவர்கள்தான் ஊரைத் தாண்டி ஓடைக்கரையில் கிடப்பார்கள். இங்கே அவரவர் தோப்புக்குள் தனித்தனியாக வீடு, கூப்பிட்டால் கேட்காது. ஆனால் செத்தவர்கள் கூடவே இருக்கிறார்கள்.

வேலை மாறுதலாகி இந்தப் பக்கம் வருகிற நம் சனங்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. துணியைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள் என்பேன். பருப்பு டப்பாவை இறுக்கி மூடுங்கள், பூசணம் பிடிக்கும். யாராவது ‘ஏட்டி’ என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள், பிரியத்தில் கூப்பிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் வாசனைக்குக் கொஞ்ச நாள் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீங்களே நல்லெண்ணெயைக் குறை சொல்வீர்கள். மனசு முட்டினால் சிதறால் மலைக்கு ஏறிப் போங்கள், மரங்களுக்கு மேலே நம் ஊர் அளவுக்கு வானம் கிடைக்கும். இதையெல்லாம் செய்து நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டதாக நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஆனி மாதம், மழை விடாத ஒரு காலையில், கடை திறக்கப் புறப்பட்டவர் செருப்பு மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய கொஞ்ச நேரத்தில் லீலாபாய் அக்காவின் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் நாலைந்து ஆட்களோடு வந்தார். எல்லோர் கையிலும் மண்வெட்டி. குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

“எந்த மூலையில வெட்டணும்?”

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு ஆங்காரம் வந்தது. எங்களையும் சொந்த மண் உள்ளவர்களாக நினைத்துத்தான் கேட்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் போனில் கொழுந்தனார்.

“மதினி, ஐஸ்பெட்டி வண்டியில ஏத்தி அனுப்புங்க. அண்ணன அசலூர்ல அநாதையாப் போட்டுட்டு நாங்க எப்படித் தல நிமிந்து நடக்க?”

பெங்களூரிலிருந்து விமானத்தில் கிளம்பிவிட்ட மகன், நீ சொல்வதுதான் அம்மா என்று சொல்லிவிட்டான். எனக்கு என்ன தெரியும்? வீடு வாங்கும்போது கிணறு பார்த்தோம், பாதை பார்த்தோம், வில்லங்கம் பார்த்தோம். எங்கே படுக்கப் போகிறோம் என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. நம் ஊரில் பாடை தெருமுனை தாண்டினால் பெண்கள் திரும்பிவிட வேண்டும். என் அப்பாவை எங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடைமரங்களுக்கு நடுவில் எங்கேயோ என்பார்கள். இவரையும் அப்படி எங்கேயோ கிடக்க விட எனக்கு மனம் வரவில்லை. தெற்கு மூலையைக் காட்டினேன்.

கொழுந்தனாரிடம் நானே சொன்னேன். போனை வைத்தவர், தடுத்துவிடலாம் என்று காரைப் பிடித்து, வழியெல்லாம் மழையில் மாட்டிப் பொழுது சாயத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் மகன் வந்து முகம் பார்த்து எல்லாம் முடிந்திருந்தது. மழையில் கரைந்துகொண்டிருந்த புது மண்ணைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக் கல்யாணம் காட்சிக்கு எனக்கு அழைப்பு வருவதில்லை. நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. ஒரு தூறலுக்கு வருஷமெல்லாம் அண்ணாந்து பார்த்து வளர்ந்த மனுஷன் இப்படி நனைந்துகொண்டு கிடக்கிறாரே என்று மழை நாட்களில் தெற்கு மூலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அதனால் இதையும் என் யோசனைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மங்களமான பேச்சு இல்லைதான். பேசாமல் விட்டால், மண்வெட்டியோடு வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு ஆள் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும்.

அன்று செல்வராஜ் அண்ணன் இன்னொன்றும் கேட்டார். “பக்கத்துல ஒரு ஆளுக்குள்ள எடம் விடட்டா, மக்ளே?” நான் தலையாட்டினேன். அந்த இடம் சும்மா கிடக்கிறது, புல் மண்டாமல் பிடுங்கிப் போடுகிறேன். சுற்றிலும் ரப்பர் மரம் என்பதால் வீட்டுக்குள் போன் விட்டு விட்டுத்தான் எடுக்கும். சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டு, வீட்டை விற்றுவிட்டு எப்போது வரப்போகிறாய் என்று கேட்கிறான். எனக்காக விட்டிருக்கிற அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவனிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்கிறேன்.